ரெண்டு தட்டினா போலாம்

பந்திப்பூர் காட்டுக்குள் யானை வழியை மறித்து நின்றபோது மருதாசலம் பயப்படவில்லை. முப்பது வருடம் நீலகிரி மலையில் அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற மனிதர். யானை, காட்டெருமை, நடுரோட்டில் ஆடிக்கொண்டு வரும் கல்யாண ஊர்வலம் எல்லாம் பார்த்தாயிற்று. ஹார்ன் அடிக்காமல், லைட்டைப் போடாமல், மாருதி காரை ரிவர்ஸில் போட்டு மெதுவாகப் பின்வாங்கினார். பின்கண்ணாடி முழுக்கப் புழுதி. புனேயில் ஏறிய புழுதி, ஹூப்ளியில் ஏறிய புழுதி, சித்ரதுர்கா தாண்டி ஏறிய செம்மண் என்று பயணம் முழுவதும் அதில் படிந்து கிடந்தது. ஒரு மண்ணும் தெரியவில்லை. அப்போதுதான் வண்டியின் பின்பக்கம் யாரோ உள்ளங்கையால் தட்டும் சத்தம் கேட்டது. தட் தட். வரலாம். இவர் வந்தார். தட் தட். இன்னும் வரலாம். இன்னும் வந்தார். தட். நிறுத்து. நிறுத்தினார்.

யானை காதை ஆட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு மூங்கில் பக்கமாக இறங்கிப் போனது. மருதாசலம் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, தட்டியவருக்கு நன்றியாக இரண்டு விரலை ஆட்டிவிட்டு, முதல் கியரைப் போட்டு வண்டியை எடுத்தார். கொஞ்ச தூரம் போன பிறகுதான் உறைத்தது. புலி நடமாடுகிற காட்டில், வண்டியை விட்டு இறங்கவே கூடாத ரோட்டில், தன் காருக்குப் பின்னால் நின்று தட்டியது யார்?

கண்ணாடியில் பார்த்தார். பக்கவாட்டுக் கண்ணாடியில் வெறும் ரோடுதான் பின்னால் ஓடியது. வேறு வண்டி இல்லை, ஆள் இல்லை. காருக்குள்ளும் அவரைத் தவிர யாரும் இல்லை. சரி, காட்டிலாகா வாட்சர் யாராவது இருந்திருப்பான், மரத்துக்குப் பின்னால் ஒதுங்கியிருப்பான் என்று சொல்லிக்கொண்டார். சொல்லிக்கொண்டாரே தவிர, அவர் மனசு அதை வாங்கிக்கொள்ளவில்லை.

இந்தத் தட்டுச் சமாசாரத்தை மலை பஸ்ஸில் போகாதவர்களுக்குக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும். கொண்டை ஊசி வளைவில் எதிரே லாரி வந்துவிட்டால் பஸ் பின்வாங்க வேண்டும்; பின்னால் அதல பாதாளம். அப்போது கண்டக்டர் கீழே இறங்கிப் பின்னால் நின்று வண்டித் தகரத்தில் தட்டுவார். ரெண்டு தட்டினால் போகலாம், ஒன்று தட்டினால் நிறுத்த வேண்டும். பேச்சே கிடையாது. டிரைவர் அதற்கு மேல் யோசிக்கவும் கூடாது. யோசிக்கிற நேரத்தில் வண்டி சாய்ந்துவிடும். காதில் விழுந்த தட்டு மூளைப் பக்கமே போகாமல் நேராகக் காலுக்குப் போக வேண்டும். மருதாசலத்துக்கு அப்படித்தான் போகும். ஓய்வு பெற்று வீட்டில் நாற்காலியில் சாய்ந்து பேப்பர் படிக்கும்போது, அடுப்படியில் மனைவி பாலாமணி கரண்டியால் சட்டியை ரெண்டு தட்டுத் தட்டினால், இவருடைய இடது கால் கிளட்சை விடுவதுபோல லேசாக எழும். பாலாமணி அதைப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். வேண்டுமென்றே இன்னொரு தரம் தட்டுவாள். கால் இன்னொரு தரம் எழும்.

அவருக்கு அதிகக் காலம் கண்டக்டராக இருந்தவர் ஒச்சப்பன். ஓஹோ, அந்த ஒச்சப்பன் செத்து ஆவியாக வந்துவிட்டாராக்கும் என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம். ஒச்சப்பன் போடியில் மகன் வீட்டில் சர்க்கரை மாத்திரையும் விழுங்கிக்கொண்டு, ஒளித்து வைத்து ஜிலேபியும் தின்றுகொண்டு சௌக்கியமாகத்தான் இருக்கிறார்.

இந்தப் பயணமே பாலாமணிக்காகத்தான். அவளுக்கு முட்டி தேய்ந்துவிட்டது. கேத்தியிலிருந்து குன்னூர் ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸில் நின்றுகொண்டே போய்வந்தால் அன்றைக்கு ராத்திரி முழுக்க முனகுவாள். புனேயில் இருக்கும் மகள் புதுக் கார் வாங்கியபோது, பழைய மாருதியை அப்பாவுக்கே தந்துவிட்டாள். ஆள் வைத்து அனுப்புகிறேன் என்று மருமகன் சொன்னதற்கு மருதாசலம் சிரித்தே விட்டார். நான் ஓட்டாத வண்டியா, நான் பார்க்காத ரோடா என்று தனியாகவே கிளம்பிவிட்டார். இரண்டு கண்ணிலும் புரை விழுந்திருப்பதையும், வெளிச்சம் மங்கினால் எதிரே வருவது மாடா மனிதனா என்று தெரியாததையும் மகளிடம் அவர் சொல்லவில்லை. பாலாமணிக்கு மட்டும் தெரியும்.

கூடலூர் வந்தபோது வெயில் போய்விட்டிருந்தது. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஜலாலுதீன் டீக்கடை. பஸ் ஓட்டிய காலத்தில் தினமும் நின்ற கடை. டீ ஆற்றிக்கொண்டிருந்த ஜலாலுதீன் இவரைப் பார்த்ததும் கிளாஸை வைத்துவிட்டு வந்தான்.

"எந்தா அண்ணே இது, வண்டியா மண்ணு மூட்டையா?"

"புனேல இருந்து வர்றேனப்பா. தனியாவே ஓட்டிட்டு."

"அல்லாவே! இந்த வயசுலயா?"

அந்த 'வயசு' மருதாசலத்துக்குப் பிடிக்கவில்லை. டீயைக் கையில் வாங்கிக்கொண்டு, பக்கத்திலிருந்த டெலிபோன் பூத்துக்குள் நுழைந்தார். முதல் மணியிலேயே பாலாமணி எடுத்துவிட்டாள்.

"எங்கீங்க இருக்கீங்க?"

"கூடலூரு வந்துட்டேன் புள்ள."

"கண்ணு எப்படிங்க இருக்குது?"

"கண்ணுக்கென்ன, நல்லாத்தான் இருக்குது."

"பொய் சொல்லாதீங்க. இங்க மத்தியானத்துல இருந்தே ஒரே மிஸ்ட்டு. எதுத்த ஊடே தெரியல. நீங்க வந்து வண்டிய ரிவர்ஸ் எடுக்கறப்ப நான் டார்ச்சப் புடிச்சுட்டுப் பின்னாடி நிக்கறனுங்க."

"முட்டிய வெச்சுட்டு நீ பனியில நிக்க வேண்டாம். நம்ம வாசல் எனக்குத் தெரியாதா? பேசாம உள்ளயே இரு."

"சரிங்க, சரிங்க" என்றாள் பாலாமணி. அந்தச் சரிங்கவுக்கு என்ன அர்த்தம் என்று கல்யாணம் ஆனவர்கள் எல்லோருக்கும் தெரியும். மருதாசலத்துக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

வெளியே வந்தபோது ஜலாலுதீன் ஒரு வாளித் தண்ணீரைக் காரின் பின்கண்ணாடியில் வீசியடித்து, ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். புழுதி சேறாகி வழிந்தது. ஓரிடத்தில் மட்டும் துணியை வைத்து அழுத்தி அழுத்தித் தேய்த்தான்.

"இது மட்டும் போக மாட்டேங்குதே அண்ணே."

ஒரு கை. விரல்களை விரித்து அழுத்திய உள்ளங்கை அச்சு. மருதாசலம் குனிந்து பார்த்தார். ஜலாலுதீன் நகத்தால் சுரண்டிப் பார்த்தான். பிறகு கையை எடுத்துக்கொண்டான்.

"அண்ணே, இது உள்ளாற இருக்கு."

பின்கதவைத் தூக்கினார்கள். மகள் கொடுத்தனுப்பிய குக்கர் பெட்டி, கோலாப்பூர் வெல்லம் ஒரு சிப்பம், சுருட்டிக் கட்டிய மெத்தை, பேத்தியின் பழைய சைக்கிள். எலி நுழைய இடமில்லை. ஆனால் வெல்லத்தின் வாசனைக்கு மேலே இன்னொரு வாசனை இருந்தது. நாட்கணக்கில் மழையில் கிடந்த சாக்கைத் தூக்கினால் அடியில் அடிக்குமே, அது. மருதாசலம் தன் கையை அந்த அச்சின்மேல் வைத்துப் பார்த்தார். அது ஒரு விரற்கடை நீளமாக இருந்தது. பேத்தியின் கை இல்லை. மருமகன் குட்டையான ஆள், அவருடைய கையும் இல்லை. புனே மெக்கானிக் எவனாவது வைத்திருப்பான் என்று சொல்லி, கைக்குட்டையால் துடைத்தார். சட்டென்று போய்விட்டது. உள்ளே இன்னும் ஈரமாக இருந்தது அது.

"பின்னாடி யாரையும் ஏத்திட்டு வரலல்ல?" என்றான் ஜலாலுதீன். குரல் இறங்கியிருந்தது.

"தனியாத்தான் வர்றேன்னு சொன்னேனே."

"இன்னைக்கு நம்ம வீட்டுல கிடந்துட்டு, நாளைக்குக் காலையில ஏறலாமே அண்ணே. மேல நல்ல மழையாம்."

மருதாசலம் அவனைச் சந்தேகமாகப் பார்த்தார். இவனே கையை வைத்துவிட்டு விளையாடுகிறானோ? கிழவன் மலை ஏற மாட்டான் என்று நினைக்கிறானோ? இல்லை, பந்திப்பூரில் எவனாவது பின்கதவைத் திறந்து ஏறி, செக்போஸ்ட்டில் நின்றபோது இறங்கி ஓடிவிட்டானா? சந்தனக்கட்டை திருடுகிறவர்கள் எதுவும் செய்வார்கள். ஆனால் பின்கதவு பூட்டியிருந்தது; சாவி இவர் சட்டைப் பையில் இருந்தது. வீட்டில் பாலாமணி காத்திருப்பாள் என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.

நடுவட்டம் ஏறும்போது மழை நின்று மேகம் இறங்கியது. தேயிலைச் செடிகள் முதலில் போயின, பிறகு சீகை மரங்கள் போயின, பிறகு ரோட்டோரத்து வெள்ளைக் கற்களும் போய்விட்டன. ஹெட்லைட்டைப் போட்டால் பாலைக் கொட்டியதுபோல எதிரே வெள்ளையாக நின்றது. தேயிலை ஃபேக்டரியிலிருந்து வந்த கருகல் வாசனையும், ஈரச் சாக்கு வாசனையும் சேர்ந்து காருக்குள் சுற்றின. ஜன்னலைத் திறந்தால் போகவில்லை, மூடினால் அதிகமாயிற்று. எதிரே ஒரு பஸ் இரண்டு மஞ்சள் புள்ளியாக இறங்கி வந்தது. இவர் இடதுபக்கம் ஒதுங்கி நின்று வழிவிட்டார். பஸ் உரசுகிற மாதிரித் தாண்டிப் போனது. அதன் சத்தம் கீழே தேய்ந்து, மரத்திலிருந்து சொட்டும் சத்தம் மட்டும் மிஞ்சியது.

தட் தட்.

இடது கால் எழுந்துவிட்டது. வண்டி முன்னால் உருண்டது. இரண்டு முழம் போயிருக்கும், முன்சக்கரம் சட்டென்று கீழே இறங்கியதுபோல இருந்தது. மருதாசலம் பிரேக்கின்மேல் ஏறி நின்றார். ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு இறங்கிப் பார்த்தார். ரோட்டில் பாதி இல்லை. மழையில் ஓரம் சரிந்து போயிருந்தது. எச்சரிக்கைக்கு வைத்திருந்த தார் டிரம் ஒன்று கீழே ஏதோ மரத்தில் சிக்கிக் கிடந்தது. இடது சக்கரம் விளிம்பில் இருந்தது. அதற்கு முன்னால் மேகம் மட்டும்தான்.

காரைச் சுற்றி ஓடினார். பின்னால் யாரும் இல்லை. டார்ச்சை அடித்தார். ஈர மண்ணில் அவருடைய செருப்புத் தடம் மட்டும் இருந்தது. பின்கதவைத் திறந்தார். குக்கர் பெட்டி, வெல்லம், மெத்தை, சைக்கிள். பின்கண்ணாடியின் உள்பக்கம் மறுபடியும் அந்தக் கை.

"யாருடா நீ?" என்று கேட்டார். கேட்டது தன் குரல்தானா என்று அவருக்கே சந்தேகமாகிவிட்டது.

ஒருவழியாக வண்டியைப் பின்னுக்கு எடுத்து நடுரோட்டுக்கு வந்தார். உடம்பெல்லாம் வியர்த்து, அந்தக் குளிரில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. அடுத்த கொண்டை ஊசிப் பெண்டில் ஏறிக்கொண்டிருக்கும்போது, தட். ஒன்றே ஒன்று. கால், பாழாய்ப்போன கால், பிரேக்கை மிதித்துவிட்டது. நட்டநடு வளைவில் கார் நின்றது. பின்னால் வந்த மர லாரி டயர் தேய அலறிக்கொண்டு ஒதுங்கி, கண்ணாடியை உரசிக்கொண்டு நின்றது.

"யோவ், பெண்டுல நிறுத்துறியே, உசுரு மேல ஆசையில்லையா?" என்று லாரிக்காரன் கத்தினான். "லைசென்ஸ எவன்யா குடுத்தது?"

இந்த ஜன்மத்தில் அவரைப் பார்த்து ஒரு டிரைவர் அப்படிக் கேட்டதில்லை. அவமானத்தில் காது சுட்டது. ஆனால் அந்த அவமானத்தோடேயே மண்டையில் ஒரு விஷயம் பளிச்சென்று தெரிந்தது. போ என்று தட்டியபோது போயிருந்தால் பள்ளம். நில் என்று தட்டியபோது நின்றதில் லாரி. இது எதுவாக இருந்தாலும் சரி, பொய் சொல்கிறது. பந்திப்பூரில் மட்டும் உண்மை சொல்லி, காலை வசப்படுத்திக்கொண்டது. அப்படியானால் இனி இது சொல்வதற்கு நேர்மாறாகச் செய்ய வேண்டும்.

பைக்காரா தாண்டி, கற்பூர மரங்களுக்கு நடுவே போகும்போது அது மறுபடி வந்தது. தட். நிறுத்து. மருதாசலம் பல்லைக் கடித்தார். வலது கால் பிரேக்குக்குத் துடித்தது. இழுத்துப் பிடித்து ஆக்ஸிலேட்டரில் வைத்து மிதித்தார். கார் சீறிக்கொண்டு போனது. பின்னால் மடமடவென்று ஒரு முறிவுச் சத்தம். கிளையோ மரமோ, என்னவோ ஒன்று ரோட்டில் விழுந்தது. நின்றிருந்தால் தலையில்தான் விழுந்திருக்கும்.

"எங்கிட்டயா உன் வேலைய காட்டுற?" என்று கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தார். அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தார்.

தட், என்றது அது. இவர் போனார். இன்னும் கொஞ்ச தூரத்தில், தட். இவர் போனார். அதற்குப் பிறகு அது ரெண்டு தட்டே தட்டவில்லை. ஒற்றைத் தட்டுதான், வளைவுக்கு ஒன்றாக. முதலில் ஒவ்வொரு தட்டுக்கும் காலோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. ஊட்டி நெருங்கும்போது அந்த மல்லுக்கட்டு இல்லை. தட் என்றால் கால் தானாக மிதித்தது. பழகிவிட்டது.

ஊட்டிக்குள் வந்ததும் சத்தம் நின்றது. சேரிங் கிராஸில் விளக்குகள், ஜீப்புகள், ஸ்வெட்டர் விற்கிறவர்கள், வறுகடலை வாசனை. மனிதர்களைப் பார்த்ததும் மருதாசலத்துக்கு அழுகை வந்துவிடும்போல இருந்தது. வண்டியை பஸ் டெப்போவில் தெரிந்தவர்களிடம் விட்டுவிட்டு, பஸ் ஏறிப் போய்விடலாமா என்று யோசித்தார். உண்மையிலேயே யோசித்தார், ஓரமாக நிறுத்தி, இன்ஜினைக்கூட அணைத்துவிட்டார். ஆனால் பஸ்ஸிலிருந்து இறங்கி வெறுங்கையோடு பாலாமணி முன்னால் போய் நிற்பதை நினைத்துப் பார்த்தார். அவள் அந்தக் கார் வரும் என்று வாசலில் இருந்த பழைய தகரம், விறகு எல்லாவற்றையும் வலிக்கும் முட்டியோடு ஒதுக்கி இடம் பண்ணி வைத்திருந்தாள். இனி அவள் பஸ்ஸில் நிற்கக் கூடாது. இன்னும் கொஞ்ச தூரம்தான், இதன் சூட்சுமமும் தெரிந்துவிட்டது என்று மறுபடி சாவியைத் திருப்பினார்.

கேத்தி ரோட்டில் இறங்கும்போது வெளிச்சம் முழுசாகப் போய்விட்டது. அந்தப் பக்கமெல்லாம் கரண்ட் இல்லை. கழுவிப் போட்ட கேரட்டின் மண் வாசனையும் அழுகிய முட்டைக்கோஸ் வாசனையும் மேகத்தோடு மிதந்தன. ஊர் வாசனை. அதைத் தாண்டிக்கொண்டு ஈரச் சாக்கு, இப்போது பின்சீட்டில் இல்லை, கழுத்துக்குப் பின்னால். தட். போனார். தட். போனார். அந்தச் சத்தத்தைக் கேட்கவே பிடிக்காமல் ஜன்னல்களை இறுக்க ஏற்றிவிட்டு, ரேடியோவைத் திருகி, இருக்கிற சத்தம் முழுவதையும் வைத்தார். ஊட்டி நிலையத்தில் யாரோ ஒருவர் உருளைக்கிழங்கில் இலைக் கருகல் நோயைப் பற்றி நிதானமாகப் பேசிக்கொண்டிருந்தார்.

மெயின் ரோட்டிலிருந்து பிரியும் சிமென்ட் பாதையில் இறங்கினார். பாதை முடிகிற இடத்தில் அவருடைய வீடு. வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு கார் நிற்கிற இடம். அதன் பின்னால் மண் சரியாமல் இருக்கக் கட்டிய கருங்கல் தடுப்புச்சுவர். மலையில் வண்டி ஓட்டுகிறவர்கள் வண்டியின் மூக்கு வெளியே பார்க்கத்தான் நிறுத்துவார்கள். அவசரத்துக்கு எடுக்க வேண்டும் அல்லவா. மருதாசலம் வாசலில் காரைத் திருப்பினார். அடுப்படி ஜன்னலில் சிம்னி விளக்கின் மஞ்சள் வெளிச்சம் தெரிந்தது. உள்ளே இருக்கிறாள், நல்லவேளை, சொன்ன பேச்சைக் கேட்டாள் என்று நினைத்தபோது அவருக்கு நெஞ்சு லேசானது. வந்துவிட்டார். புனேயிலிருந்து வந்துவிட்டார். ஹார்னை ஒருமுறை அழுத்திவிட்டு, ரிவர்ஸ் கியரைப் போட்டார்.

பின்கண்ணாடி வெள்ளையாக மூடியிருந்தது. உள்ளே இவருடைய மூச்சின் ஆவி, வெளியே மேகம். அந்த வெள்ளையில் எங்கோ ஒரு வெளிச்சம் அசைந்ததுபோல இருந்தது. புரை விழுந்த கண்ணுக்கு எல்லா வெளிச்சமும் அசையத்தான் செய்யும்.

மெதுவாகப் பின்னால் வந்தார்.

தட்.

"தட்டு, தட்டு" என்று முணுமுணுத்தார். கால் மிதித்தது. வந்தார்.

தட்.

இந்தத் தட்டு கொஞ்சம் பலமாக இருந்தது. அதோடு சேர்ந்து கண்ணாடி மோதுவதுபோல மெல்லிய கிணுக்கென்ற ஒரு சத்தம். பெட்டிக்குள் குக்கர் மூடி ஆடுகிறது என்று எடுத்துக்கொண்டார். வந்தார்.

தட். தட். தட்.

ஒவ்வொன்றும் தனித்தனியாக. இத்தனை அவசரமாக அது இதுவரை தட்டியதில்லை. பயந்துவிட்டது, வீடு வந்ததும் பயந்துவிட்டது என்று அவருக்கு ஒரு குரூரமான சந்தோஷம் வந்தது. மருந்தை விடியற்காலையில் தெளிக்க வேண்டும் என்றார் ரேடியோக்காரர். மருதாசலம் நன்றாக மிதித்தார்.

கார் நின்றது.

கல்லில் இடித்தால் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். இது அப்படி இல்லை. மெத்தையில் சாய்ந்ததுபோல நின்றது.

கிளட்சையும் பிரேக்கையும் சேர்த்து மிதித்தார். ரேடியோவை அணைத்தார். இன்ஜின் சத்தம். சொட்டும் தண்ணீர். பக்கத்து ஜன்னலைத் துடைத்து அடுப்படியைப் பார்த்தார். விளக்கு எரிந்தது. அடுப்பில் ஏதோ கொதித்து மூடி ஆடியது. கதவு திறந்து கிடந்தது. உள்ளே யாரும் இல்லை.

"பாலா?"

திரும்பிப் பார்த்தார்.

கீழே எங்கோ விழுந்து கிடந்த டார்ச்சின் வெளிச்சம் பின்கண்ணாடியில் மேல்நோக்கி ஏறியிருந்தது. கண்ணாடியின் வெளிப்பக்கம் இரண்டு கைகள். சின்னக் கைகள். ஒன்றில் பச்சை வளையல் இருந்தது; இன்னொன்றில் பாதி வளையல். கைகளுக்கு நடுவே பாலாமணியின் முகம். வாய் திறந்திருந்தது. சத்தம் வரவில்லை. சுவருக்கும் காருக்கும் நடுவில் அவளுக்கு மூச்சுக்குக்கூட இடம் இல்லை.

ஐயோ. ஐயோ பாலா. முதல் கியர். முதல் கியர் போட வேண்டும். கை கியரைத் தேடியது. வழுக்கியது.

அப்போது காருக்கு உள்ளே, குக்கர் பெட்டிக்கு மேலே, இன்னொரு கை எழுந்து வந்தது. நீளமான கை. ஈரமாக இருந்தது. அவசரமே இல்லாமல், கண்ணாடியின் உள்பக்கம், பாலாமணியின் கைக்கு நேராக, விரலுக்கு விரல் வைத்து ஒட்டிக்கொண்டது.

பாலாமணி அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு மருதாசலத்தைப் பார்த்தாள். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். அவளுக்குத் தெரியும். அந்தக் காலை வைத்து எத்தனை தரம் சிரித்திருக்கிறாள்.

தட் தட்.

வண்டி இன்னும் ரிவர்ஸில்தான் இருந்தது. மருதாசலத்தின் வலது கால் பிரேக்கை விட்டு நகர்ந்தது. இடது கால், லேசாக, எழுந்தது.